கற்றாழை டப்பாவில் நான் கலந்தது

சங்கீதா,

நலமா என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்கவே எனக்குப் பயமாக இருக்கிறது. மற்ற அம்மாக்கள் அதை ஒரு வழக்கத்துக்கு எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். எனக்கோ அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் வேண்டும். அந்தப் பதில் எப்படி வருமோ என்று நான்கு நாளாகச் சோறு இறங்கவில்லை. போனில் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை உன் நம்பரை எடுத்தேன். இரண்டு முறையும் நீ "சாப்டியாம்மா" என்று கேட்டாய், நான் சாம்பாரைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன். எழுத உட்கார்ந்தால் நடுவில் நீ குரல் கொடுக்க மாட்டாய். அதனால்தான் எழுதுகிறேன்.

போன வியாழக்கிழமை ஓசூரிலிருந்து நீ பேசியபோது மூன்று விஷயம் சொன்னாய். வளைகாப்புக்கு நாள் குறித்தாகிவிட்டது என்றாய். அதற்காக ஒரு மினரல் மேக்கப் செட் பார்த்து வைத்திருப்பதாகச் சொல்லி அதன் போட்டோவை அனுப்பினாய். மூன்றாவதைப் போகிற போக்கில் சொன்னாய். "டாக்டர் என்னோட பழைய ஃபைலைப் பார்த்தாங்கம்மா. அந்த கிரீமை எத்தனை நாள் போட்டீங்கன்னு கேட்டாங்க. பதினஞ்சு நாள்தான்னு சொன்னேன். அப்படின்னா பயப்பட ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க." நான் "சரிம்மா" என்றேன். போனை வைத்த பிறகு அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பதினைந்து நாள் இல்லை, சங்கீதா. உனக்குத் தெரிந்துதான் பதினைந்து நாள். உனக்குத் தெரியாமல் அதற்குப் பிறகும் ஏறக்குறைய இரண்டு மாதம் அது உன் முகத்தில் ஏறியிருக்கிறது. ஏற்றியது நான். இதற்கு மேல் படிக்குமுன் உட்கார்ந்துகொள். மாப்பிள்ளை பக்கத்தில் இருக்கட்டும். நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன், ஏனென்றால் டாக்டருக்கு அது அப்படியே தேவைப்படும்.

உன்னைப் பெண் பார்க்க அவர்கள் பிள்ளைப்பாக்கத்தில் நம் வீட்டுக்கு வந்த அன்று மாப்பிள்ளையின் அக்கா காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "போட்டோல இன்னும் கொஞ்சம் கலரா தெரிஞ்சாங்க" என்று சிரித்தாள். நீ சட்டென்று, "அது போன் ஃபில்டர்ங்க, அதுகூடத்தான் நீங்க சம்பந்தம் பேசியிருக்கீங்க" என்றாய். கூடமே சிரித்தது. மாப்பிள்ளை எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. உன்னிடம் நான் சொன்னதில்லை. என்னை முதன்முதலில் பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜி, கேசரி எல்லாம் சாப்பிட்டு முடித்துவிட்டு, கதவுக்குப் பின்னால் நின்ற, என்னைவிட நிறமான உன் சித்தியைக் காட்டி, "அந்தப் பொண்ணைக் குடுக்கறதா இருந்தா சொல்லுங்க" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். சித்திக்கு அப்போது பதினேழு வயது. அவள் மூன்று நாள் என்னிடம் பேசவே பயந்தாள். பிறகு உங்கப்பா வந்தார், என்னைக் கட்டிக்கொண்டார், ஒரு நாளும் நிறத்தைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. ஆனாலும் அந்தப் பயம் என்னை விட்டுப் போகவில்லை. நீ பிறந்ததும் எல்லாரும் உன் காது மடலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "கருப்பாத்தான் வருவா" என்று சொன்னபோது, என்னிடமிருந்த அந்தப் பயம் உன் பேருக்கு மாறிவிட்டது.

ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பார்லர் வைத்திருந்த அந்தப் பெண்ணிடம் நான் போனது நிச்சயதார்த்தம் முடிந்த வாரம். அவள் பேர் இங்கே வேண்டாம், அவள் கடையைக் காலி செய்து ரொம்ப நாளாகிறது. நான்கு டப்பா எடுத்து வைத்தாள். "கெமிக்கலே கெடயாதுக்கா. அத்தினியும் மண்ணுல இருந்து எடுக்கற மினரல், மூலிகை. பொறந்த கொழந்தைக்கே போடலாம்" என்றாள். மூன்று டப்பாவில் கம்பெனி பேர், உள்ளே என்ன இருக்கிறது, எப்போது செய்தது என்று எல்லாம் அச்சடித்திருந்தது. இரண்டு நிறத்தில் முகப் பவுடர், கன்னத்துக்கு ஒன்று. நாலாவது ஒரு சின்ன வெள்ளை டப்பா. அதில் ஓர் எழுத்துகூட இல்லை. "இது நானே வரவழைக்கிறது, எல்லாருக்கும் தர மாட்டேன். மூணே வாரம், அப்பறம் பொண்ணைப் பாருங்க" என்றாள். நான் பார்த்தது அந்த நாலாவது டப்பாவைத்தான். மற்ற மூன்றையும் அதற்குத் துணையாகத்தான் வாங்கினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு நினைவிருக்கும். மாடியில் நாம் வாடகைக்கு விட்டிருக்கும் அறையிலிருந்து மாரியையும் கூப்பிட்டாய். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், செல்போன் பாகம் செய்யும் கம்பெனியில் வேலை. "நாள் முழுக்க மாஸ்க்கும் தொப்பியும் போட்டுத்தான் லைன்ல நிக்கேன் ஆன்ட்டி, கண்ணு மட்டுந்தான் வெளிய தெரியும். எனக்கு எதுக்கு இதெல்லாம்" என்று சொல்லிக்கொண்டே வந்து முதல் ஆளாக உட்கார்ந்தாள். "கையில பூசிப் பாக்கக் கூடாது, தாடையோரம் பூசி வெயில்ல பாக்கணும்" என்று நீ பாடம் நடத்தினாய். முதல் பவுடரைப் போட்டதும் மாரி மாவு மில்லிலிருந்து வந்தவள் மாதிரி ஆனாள், இருமி இருமிச் சிரித்தாள். இரண்டாவது நிறம் உங்கள் இரண்டு பேருக்கும் தோலோடு தோலாகப் போய்விட்டது, பூசியதே தெரியவில்லை. பிறகு என்னையும் பிடித்து உட்கார வைத்தாய். என் கன்னத்தில் பிரஷ் ஓடியபோது கூச்சமாக இருந்தது. கண்ணாடியில் பார்த்தேன். நிறம் மாறவில்லை, வயதும் குறையவில்லை. ஆனால் நன்றாகத் தூங்கி எழுந்தவள் மாதிரி இருந்தேன். அது சந்தோஷமான மத்தியானம். அதை நான் மறுக்க மாட்டேன். அலங்காரம் செய்துகொள்வது பாவம் என்று சொல்ல நான் இந்தக் கடிதத்தை எழுதவில்லை.

கடைசியாக நாலாவது டப்பாவை எடுத்தாய். திருப்பித் திருப்பிப் பார்த்தாய். வல்லம் வடகால் கம்பெனியில் குவாலிட்டி செக்ஷனில் இருந்தவள் அல்லவா நீ. "இதுல ஏம்மா ஒண்ணுமே எழுதல? எங்க லைன்ல லேபிள் இல்லாத பொருள் வந்தா கையாலகூடத் தொட மாட்டோம்" என்றாய்.

"நம்ம வூட்டுல அரைக்கிற சீயக்காய்க்கு லேபிளா ஒட்டிகினு இருக்கோம்? இன்னாடி இவ்ளோ கேள்வி, போட்டுக்கோ" என்றேன்.

நீ போட்டுக்கொண்டாய். நான் சொன்னேன் என்பதற்காக மட்டும். மாரிக்கும் ஒரு டப்பா வாங்கிக் கொடுத்தேன். ஊரிலிருந்து தனியாக வந்து வேலை செய்கிற பெண், அவளுக்கும் நாளைக்கு நாலு பேர் பார்க்க வருவார்களே என்று நினைத்தேன். நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தேன்.

பத்தாவது நாளே முகம் தெளிந்தது. பக்கத்து வீட்டிலிருந்து வல்லம் மார்க்கெட் வரைக்கும், "கல்யாணக் களை வந்துட்சு" என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பதினைந்தாவது நாள் நீ குளித்துவிட்டு வந்து, "எரியுதும்மா. கண்ணோரம் பாரு, சாம்பல் பூத்தாப்பல இருக்கு. எனக்கு இது வேணாம், நான் என் கற்றாழை ஜெல்லே போட்டுக்கறேன்" என்றாய். டப்பாவை என்னிடம் கொடுத்துவிட்டாய். அதே வாரம் மாரியும் படியில் நின்று, "எரியுது ஆன்ட்டி, நிறுத்திரட்டா?" என்று கேட்டாள். நீ நிறுத்திவிட்டதை நான் அவளிடம் சொல்லவில்லை. "மொதல்ல அப்டித்தான் எரியும். உள்ள இருக்கற அழுக்கு வெளிய வருது" என்றேன். எனக்கு எப்படித் தெரியும் அப்படி என்று? தெரியாது. பார்லர்காரி சொன்னதைக்கூட நான் திருப்பிச் சொல்லவில்லை. அது நானே அந்த நிமிடத்தில் உண்டாக்கிய வார்த்தை.

நீ நிறுத்தி ஒரு வாரத்தில் பழைய நிறம் திரும்பியது. உன் நிறம்தான், நான் பெற்ற நிறம். ஆனால் ஜாக்கெட் தைத்து வாங்கி நீ போட்டுப் பார்த்த அன்று, அந்த மஞ்சள் துணிக்கு மேல் உன் கழுத்தைப் பார்த்ததும் எனக்குக் காபி டம்ளரோடு சிரித்த அந்த முகம்தான் தெரிந்தது. மறுநாள் காலை உன் கம்பெனி பஸ் முனையில் திரும்புகிற வரைக்கும் வாசலில் நின்றேன். உள்ளே வந்து உன் அலமாரியில் இருந்த கற்றாழை டப்பாவைத் திறந்தேன். அந்த வெள்ளைக் கிரீமில் இரண்டு ஸ்பூன் எடுத்துப் போட்டு, ஸ்பூன் காம்பால் நிறம் தெரியாதபடி கலந்தேன். மேலே தட்டிச் சமப்படுத்தினேன். மூடினேன்.

ஒரு தடவை செய்திருந்தால் புத்தி பிசகிவிட்டது என்று சொல்லலாம். நான் நாலைந்து நாளுக்கு ஒரு முறை செய்தேன். வெள்ளை டப்பா தீர்ந்து இன்னும் இரண்டு வாங்கினேன். கற்றாழை டப்பா தீரும்போது நீ புதிது வாங்குவாய், அதிலும் கலந்தேன். ஒரு நாள் நீ கண்ணாடி முன்னால் நின்று, "இந்த ஜெல் நல்லா வேலை செய்யுதும்மா, நான் சொன்னேன்ல" என்றாய். நான் சிரித்தேன், சங்கீதா. எத்தனையோ நாள் உன்னை அடித்திருக்கிறேன், திட்டியிருக்கிறேன். அதையெல்லாம்விட அந்தச் சிரிப்புதான் இப்போது என்னைத் தூங்க விடுவதில்லை.

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது மாரி காலையில் கண் திறக்க முடியாமல் கீழே வந்தாள். "மூஞ்சி வீங்குன மாதிரி இருக்கு ஆன்ட்டி. தூக்கம் பத்தலையோ என்னமோ." காலைப் பார்த்தேன், செருப்பின் வார் சதைக்குள் புதைந்திருந்தது. கம்பெனி மெடிக்கல் ரூமில் பார்த்துவிட்டு உடனே சென்னைக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுத்தார்கள். அவள் அம்மா ஊரிலிருந்து வந்து சேர ஒரு நாள் ஆகும் என்பதால் நான் கூடப் போனேன். சிறுநீரில் புரதம் கொட்டுகிறது, சிறுநீரகம் பாதித்திருக்கிறது என்றார்கள். ஓர் இளவயது டாக்டரம்மா வந்து, சாப்பாடு, மாத்திரை, நாட்டு மருந்து எல்லாம் கேட்டுவிட்டு, "முகத்துக்கு என்ன போடுறீங்க?" என்று கேட்டார். எனக்கு அந்த நொடியிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. மாரிதான் சொன்னாள், ரொம்ப மரியாதையாக. "ஆன்ட்டி ஒரு கிரீம் குடுத்தாங்க டாக்டர். அதுவரைக்கும் பவுடர் மட்டுந்தான் போடுவேன்."

டப்பாவை வாங்கிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பாதரசம் என்று வந்தது. "இயற்கைன்னு சொல்லித்தாம்மா குடுத்தாங்க, மண்ணுல இருந்து வர்ற பொருள்னாங்க" என்று நான் முனகினேன். அந்த டாக்டரம்மா கோபப்படவில்லை. "பாதரசமும் மண்ணுல இருந்து வர்றதுதாம்மா" என்றார். பிறகு, "வீட்ல வேற யாராவது போட்டாங்களா?" என்று கேட்டார்.

"என் பொண்ணு போட்டா. பதினஞ்சு நாள். அப்பறம் நிறுத்திட்டா" என்றேன்.

அந்தப் பதினைந்து நாள் உன் ஃபைலில் ஏறியது அப்படித்தான். நீ வருவதற்கு முன்பே அதை நான் சொல்லிவிட்டேன். மறுநாள் உன்னைக் கூட்டிப்போனபோது உன் சிறுநீரிலும் புரதம் இருந்தது, மாரிக்கு இருந்த அளவு இல்லை. டாக்டரம்மா தாளைப் பார்த்துவிட்டு, "பதினஞ்சு நாளுக்கு இது அதிகமாத் தெரியுதே. அதுக்கப்புறம் தொடவே இல்லையா?" என்றார். நீ, "சத்தியமா இல்ல டாக்டர், வேணா எங்கம்மாவைக் கேளுங்க" என்று என் பக்கம் திரும்பினாய். நான், "ஆமா டாக்டர், தொடல" என்றேன். கல்யாணம் பக்கத்தில் இருந்தது, ஊர் பேசும், அதனால் மறைத்தேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். மண்டபத்தைப் பற்றி அப்போது எனக்கு நினைப்பே இல்லை. நீ என்னைத் திரும்பிப் பார்த்தாயே, அந்தப் பார்வை மாறிவிடுமே என்றுதான் பயந்தேன்.

அன்று வீட்டுக்கு வந்ததும் நீ மாடிக்கு மாரியின் துணிகளை எடுக்கப் போன நேரத்தில் கற்றாழை டப்பாவை எடுத்து மறைத்தேன். கீழே விழுந்து உடைந்துவிட்டது என்றேன். நீ, "சரி விடும்மா, இனிமே எதுவும் வேணாம்" என்றாய்.

மாப்பிள்ளையிடம் எதுவும் சொல்லக் கூடாது என்று நான் உன்னைக் கெஞ்சியதும், நீ கேட்காமல் அவருக்கு அன்றைக்கே போன் செய்ததும் உனக்குத் தெரியும். அவர் மறுநாளே லீவு போட்டுவிட்டு வந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். குறித்த நாளில் கல்யாணம் நடந்தது. டாக்டரம்மாவிடம் காட்டி, சரி என்று சொன்ன பிறகு, அந்த லேபிள் ஒட்டிய இரண்டாம் நிறப் பவுடரைத்தான் நீ போட்டுக்கொண்டாய். உன் நிறத்தில், உன் முகத்தில் மணையில் உட்கார்ந்தாய். மாப்பிள்ளையின் அக்கா உன் தாடையைத் தொட்டு, "ரொம்ப அழகா இருக்கே" என்றாள். பெண் பார்த்த அன்று தான் என்ன சொன்னோம் என்பதே அவளுக்கு நினைவில்லை. அவள் சொல்லி மறந்த ஒரு வார்த்தைக்காக நான் இரண்டு பெண்களுக்கு விஷம் பூசியிருக்கிறேன் என்று பந்தி பரிமாறிக்கொண்டே நினைத்தேன். கரண்டி கையிலிருந்து விழுந்துவிட்டது. மகள் போகிற துக்கம் என்று எல்லாரும் என்னைத் தேற்றினார்கள்.

உனக்குப் புரதம் நிற்க ஐந்து மாதம் ஆனது. மாரிக்கு எட்டு மாதம். அதற்குள் அவளுடைய கான்ட்ராக்ட் முடிந்து, கம்பெனி திரும்பக் கூப்பிடவில்லை. ஊருக்குப் போயிருந்துவிட்டு இப்போது மறுபடி ஒரகடம் வந்து வேறு கம்பெனியில் நிற்கிறாள், ஹாஸ்டலில் இருக்கிறாள். நம் வீட்டு மாடிக்கு அவள் வரவில்லை. நானும் ஏன் என்று கேட்கவில்லை.

உன் போன் வந்த மறுநாள் காலை உங்கப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டியூட்டிக்குக் கிளம்பி செக்யூரிட்டி யூனிஃபாரத்தில் நின்றவர் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "இப்ப போயி சொல்லி இன்னா ஆவப்போவுது? புள்ளத்தாச்சிப் பொண்ணு, பயந்துகினா கொழந்தைக்கு ஆவாது. பொறக்கட்டும், அப்பால பாத்துக்கலாம்" என்றார். அவரைக் குறை சொல்லாதே. அவருக்கும் பயம். உண்மையைச் சொன்னால், அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு மூச்சு திரும்பி வந்த மாதிரி இருந்தது. ஒரு பகல் முழுவதும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஆனால் உன் டாக்டர் "பயப்பட ஒண்ணும் இல்லை" என்று சொன்னாரே, அதை நீ எவ்வளவு நிம்மதியாகச் சொன்னாய். அந்த நிம்மதி நான் சொன்ன பொய்யில் நிற்கிறது. அதை நினைத்தால் உட்கார முடியவில்லை.

சனிக்கிழமை சென்னைக்குப் போய் அதே டாக்டரம்மாவைப் பார்த்தேன். வெளி நோயாளிகள் வரிசையில் மூன்று மணி நேரம் நின்றேன். சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "நிறுத்தி ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. பெரும்பாலும் உடம்புலேர்ந்து வெளிய போயிருக்கும். ஆனா நான் 'இருக்கும்'னு சொல்றது போதாதும்மா. ரத்தம், யூரின் எடுத்துப் பாக்கணும். கிட்னியையும் பிரஷரையும் பிரசவம் வரைக்கும் விடாம கவனிக்கணும். அவங்க டாக்டர் தப்பான நாள் கணக்கை வச்சுகிட்டு தைரியம் சொல்லிட்டிருக்காங்க. குழந்தை பொறந்தப்புறம் நீங்க சொல்றதுல யாருக்கும் பிரயோஜனம் இல்ல" என்றார். ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தார். அது இந்தக் கடிதத்தோடு இருக்கிறது. என் எழுத்தைவிட முதலில் அதைத்தான் உன் டாக்டர் படிக்க வேண்டும்.

திரும்பும் வழியில் ஒரகடத்தில் இறங்கினேன். மாரிக்கும் ஒரு பாக்கி இருந்தது, சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தை. ஹாஸ்டல் வாசலில் கம்பெனி பஸ்ஸுக்காக நின்றாள். மெலிந்திருந்தாள். எரிச்சல் தாங்காமல் நீ அன்றே நிறுத்திவிட்டாய் என்பதையும், அது தெரிந்தே அவளைப் போடச் சொன்னேன் என்பதையும் சொன்னேன். உன் டப்பாவில் கலந்ததையும் சொன்னேன்.

அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கும் எரியத்தான செஞ்சுச்சு ஆன்ட்டி. நீங்க போடுன்னீங்க, போட்டேன். எங்கம்மை சொன்ன மாதிரின்னு நெனச்சுக்கிட்டேன்" என்றாள். பிறகு, "சங்கீதாக்காட்ட சொல்லியாச்சா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. இன்னும் இல்ல."

"அப்பம் என்னத்துக்கு மொதல்ல எங்கிட்ட வந்தீங்க? வயித்துல புள்ளைய வச்சிக்கிட்டு இருக்கவ அவதான. அங்க போங்க." பஸ் வந்தது. ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள், என்னைப் பார்க்கவில்லை. மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. அவள் அப்படிச் சொல்லாததும் நியாயம்தான்.

அந்த மேக்கப் செட்டைப் பற்றிக் கேட்டிருந்தாய். நான் அதற்குப் பதில் சொல்லத் தகுதியில்லாதவள். ஆனாலும் கேட்டாய் என்பதால் சொல்கிறேன். மினரல் என்றும் இயற்கை என்றும் மேலே பெரிதாக எழுதியிருப்பதைப் படிக்காதே. பின்னால் பொடி எழுத்தில் என்ன இருக்கிறது என்று படி. யார் செய்தது, எங்கே செய்தது, லைசென்ஸ் நம்பர் என்ன, உள்ளே என்னென்ன என்று இல்லாத எதையும் வீட்டுக்குள் விடாதே. எல்லாம் இருந்தாலும் இப்போது டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான். தூளாகப் பறக்கும் பவுடரை மூக்கருகே உதறாதே. காதுக்குப் பின்னால் கொஞ்சம் பூசி ஒரு நாள் பொறு. இதெல்லாம் உன்னிடமிருந்து நான் கற்றதுதான், அந்த ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டாயே, அந்தக் கேள்வியிலிருந்து. எரிந்தால் நிறுத்து. யார் சொன்னாலும் நிறுத்து. முக்கியமாக, உன்மேல் பாசம் உள்ளவர்கள் சொன்னால் இன்னும் ஒரு முறை யோசி.

குழந்தை பிறந்ததும் யாராவது அதன் காது மடலைத் திருப்பிப் பார்ப்பார்கள். அந்தக் கையைத் தட்டிவிடு. என் கையாக இருந்தாலும் தட்டிவிடு.

இன்று மத்தியானம் மாப்பிள்ளைக்குப் போன் செய்தேன். நீ தனியாக இதைப் படிக்கக் கூடாது என்பதற்காக, உனக்கு முன்னால் அவரிடம் சொல்ல வேண்டியதாயிற்று. அதற்கும் நீ கோபப்படலாம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர், "நாளைக்குக் காலையில டெஸ்டுக்குக் கூட்டிட்டுப் போறேன் அத்தை. ஆனா ஏன்னு அவகிட்ட நான் சொல்ல மாட்டேன். அதை நீங்கதான் சொல்லணும்" என்றார். அவர் குரலில் கோபம் இருந்தது. அது இருந்ததில் எனக்கு ஒரு நிம்மதி. உன் பக்கம் நிற்க ஒருவர் இருக்கிறார்.

இதைத் தபாலில் போடவில்லை. காலை முதல் பஸ்ஸில் நானே கொண்டுவருகிறேன். மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு உங்கள் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்திருப்பேன். படித்து முடித்ததும் உனக்குக் கதவைத் திறக்கத் தோன்றாவிட்டால் திறக்காதே. என்னிடம் பேசாதே. அழவேண்டும் என்றால் அழு, ஆனால் அழுதுகொண்டே கிளம்பு, ஆஸ்பத்திரிக்கு நேரமாகிவிடக் கூடாது. வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்களா என்று ஒரு தடவை கேட்டுக்கொள். நீங்கள் முன்னால் போங்கள், நான் பின்னால் வேறு ஆட்டோவில் வருவேன். ரிசல்ட் வரும்வரை வெளியே எங்காவது நிற்பேன், உன் கண்ணில் படாமல்.

எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது, சங்கீதா. குழந்தைக்காக, உனக்காக, கடைசியில் கொஞ்சம் எனக்காகவும். ஆனாலும் வருகிறேன். டாக்டர் உள்ளே கூப்பிடும்போது நீ எதுவும் சொல்ல வேண்டாம், என்னைக் கை காட்டு. உள்ளே வந்து, எத்தனை நாள், எத்தனை டப்பா, எந்தக் கையால் கலந்தேன் என்பதுவரை நான் சொல்கிறேன். நீ கேட்டுக்கொண்டிரு.

அம்மா